காற்றாலையின் மூக்கு

நான் கிளைடரையும் என் காலையும் உடைத்துக்கொண்ட மறுநாள், என் நகல் அதே ஓடுபாதையில் ஆயிரம் முறை இறங்கியது. ஆயிரம் முறையும் பூப்போல இறங்கியதாம். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இந்தச் செய்தியைச் சொன்னவர் எங்கள் பறக்கும் பள்ளியின் நிர்வாகி கிருபாகரன். என் பிள்ளை பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிவிட்டது என்கிற மாதிரி முகமெல்லாம் மலர்ச்சி. காலில் மட்டும் மாவுக்கட்டு இல்லாமல் இருந்திருந்தால் அந்த நாற்காலியை எட்டி உதைத்திருப்பேன்.

அம்மா எனக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். பணகுடியில் தையல்கடை வைத்திருப்பவள். யார் எதைச் சொன்னாலும் ஒருமுறை திருப்பிப் போட்டுத் தையல் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்புவாள்.

"நகலுன்னா என்ன சார்? இவ சொல்லுவா, எனக்கு இன்னும் வெளங்கல" என்று கேட்டாள்.

கிருபாகரன் பொறுமையாகவே விளக்கினார். மாணவர்கள் பறக்கும்போது தலையில் ஒரு பட்டை மாட்டிக்கொள்கிறார்கள். கண் எங்கே போகிறது, கை எப்போது இறுகுகிறது, எந்த நொடியில் என்ன முடிவெடுக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகிறது. அந்தப் பதிவுகளைக் கொட்டிக் கொட்டிக் கம்ப்யூட்டரில் அதே மாணவரைப் போலப் பறக்கிற, அதே மாணவரைப் போலப் பேசுகிற ஒன்றை வளர்க்கிறார்கள். பயிற்சிப் பிரதி என்பது அதன் மரியாதையான பெயர். நன்றாகத் தேறிய பிரதியை ஆளில்லாத கிளைடர் ஒன்றில் ஏற்றி மலைக்கு அனுப்பிவிடுவார்கள். அது சாப்பாடு தூக்கம் இல்லாமல் மகேந்திரகிரிச் சரிவுக் காற்றில் மிதந்துகொண்டே காட்டுத்தீயைக் கண்காணிக்கும். பிரதி பள்ளிக்குச் சொந்தம், அதன் வேலைக்கு வருகிற பணமும் பள்ளிக்கு; சேரும்போதே எழுதி வாங்கிவிடுவார்கள். அதனால்தான் எங்களைப் போன்ற இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் அங்கே பறக்கப் படிக்க முடிகிறது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் தர்மகர்த்தா வாடை அடித்தது.

"பிரிஸ்காவோட பிரதி ரொம்ப அருமையா வந்திருக்கும்மா. அடுத்த மாசம் மலைக்குப் போகுது" என்றார்.

"இவ?"

அதற்குத்தான் வந்திருந்தார். நானாகவே கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்டால் விசாரணை இல்லாமல் சுமுகமாக முடித்துவிடலாம். எனக்கு இனிப் பறக்கும் அனுமதி கிடையாது. வேறு கெட்ட பெயரும் கிடையாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் வெளியிலிருந்து அதிகாரி வருவார். என் நகலே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அதே காற்று, அதே வெளிச்சம், அதே கிளைடர். என்னுடைய அதே திறமையால் ஆயிரம் முறை பத்திரமாக இறங்க முடிந்திருக்கிறது என்றால், நான் விழுந்தது அலட்சியத்தால் மட்டுமே என்று எழுதுவார்கள். அப்புறம் நாட்டில் எந்தப் பள்ளியும் என்னைப் படியேற விடாது.

அம்மா ஆரஞ்சுத் தோலைக் கூடையில் போட்டாள். "அது எம்மவ மாதிரியேதான பறக்கு? அப்ப அதுக்கு லைசென்ஸ் உண்டு, இவளுக்குக் கெடையாதுங்கீங்க."

"பிரதி தப்பு செய்யலையேம்மா."

"எம்மவ கை வேணும் ஒங்களுக்கு. எம்மவ வேண்டாம்."

கிருபாகரன் சிரித்து மழுப்பினார். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். யோசித்துச் சொல்லு என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். உண்மையில் யோசிக்கவே இல்லை. வயிறு எரிந்ததில் வாய் முந்திக்கொண்டது. நான் கட்டிலில் கிடக்க, என் கண்ணும் கையும் எனக்கு மேலே பறந்துகொண்டிருக்கும் என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. அதற்குக் கூழாங்கல்லை விழுங்கிவிடலாம்.

அவர் போன பிறகுதான் பயம் வந்தது. ஏனென்றால் நான் எப்படி விழுந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ராதாபுரத்துக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவில் எங்கள் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. வின்ச் என்கிற சுருட்டு எந்திரத்தின் கம்பியால் இழுத்து மேலே விடுவார்கள். பிறகு காற்று தாங்கும் வரை மிதக்கலாம். இறங்கும்போது எதிர்க்காற்றில் இறங்க வேண்டும், அப்போதுதான் வேகம் குறைந்து நிற்கும். தவறினால் இன்னொரு சுற்று சுற்றி வர வழியில்லை, ஒரே வாய்ப்புதான். அன்று தனியாகப் போயிருந்தேன். மலைச்சரிவில் நன்றாக மிதந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினேன். மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கிறது என்று நினைத்து மேற்குப் பார்த்து இறங்கினேன். சக்கரம் தொட்ட பிறகும் வேகம் அடங்கவில்லை. யாரோ பின்னாலிருந்து நெட்டித் தள்ளுவது போல ஓடியது. பிரேக் பிடித்தேன், கத்தினேன். ஓடுபாதை முடிந்து, உடைமுள் வேலி முடிந்து, கடைசியில் ஒரு பனையில் இடது இறக்கை மாட்டிக்கொண்டு சுழன்றது. காற்று கடல் பக்கமிருந்து, கிழக்கிலிருந்து அடித்திருக்கிறது என்பது ஓடி வந்தவர்கள் என்னைத் தூக்கி வெளியே கிடத்தியபோதுதான் தெரிந்தது. மண் என் முகத்தில் வந்து அறைந்தது.

என் கண்ணால் பார்த்தேனே, மேல்காற்றுதானே என்று ஆம்புலன்ஸில் புலம்பிக்கொண்டே வந்தேனாம். எதைப் பார்த்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

விசாரணை பள்ளியின் பெரிய வகுப்பறையில் நடந்தது. அதிகாரியின் பெயர் வைஜெயந்தி. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த அம்மாள். எதையும் இரண்டு தடவை கேட்கும் வழக்கம் உள்ளவர். யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று சொல்லியிருந்ததால் என்னோடு படிப்பவர்கள் எல்லாரும் பின்பெஞ்சுகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஊன்றுகோலோடு முன்னால் உட்கார்ந்தேன். அம்மா என் பக்கத்தில், மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு.

முதலில் எங்கள் பயிற்சியாளர் அருமைநாயகம் சார் பேசினார். விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்றவர், பொய் சொல்லத் தெரியாதவர். நான் கவனமான மாணவி என்றார். ஆனால் அன்று காற்றைப் பார்க்காமல் இறங்கியது என் தவறுதான் என்றார். தரையில்தானே நின்றீர்கள், ரேடியோவில் எச்சரித்திருக்கலாமே என்று அதிகாரி கேட்டதற்கு, நான் பார்ப்பதற்குள் அவள் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது என்றார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. அவ்வளவு கோபம்.

அடுத்து என் நகல் பறந்து காட்டியது.

சுவர் முழுக்கத் திரை. நான் உட்கார்ந்து பார்க்கிற அதே கோணத்தில் ஓடுபாதை, உடைமரக்காடு, தூரத்தில் கடல். திரையில் ஒரு பச்சைப் புள்ளி ஓடிக்கொண்டிருந்தது. நகலின் பார்வை எங்கே போகிறதோ அங்கே அந்தப் புள்ளி நிற்கும் என்று கிருபாகரன் விளக்கினார். கிளைடர் வளைந்து வந்தது. பச்சைப் புள்ளி நேராகப் போய், ஓடுபாதை ஓரத்துக் கம்பத்தில் கட்டியிருந்த காற்றுப்பையில் உட்கார்ந்தது. துணிப்பை மேற்குப் பக்கம் ஊதி நின்றது. கிழக்கிலிருந்து வரும் கீழ்க்காற்று. நகல் மறுபக்கமாகச் சுற்றி வந்து, கிழக்குப் பார்த்து அழகாக இறங்கியது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறையும்.

நான் முதலில் வெட்கப்பட்டேன். அப்புறம் என்னவோ உறுத்தியது. இன்னொரு முறை போடச் சொன்னேன். புள்ளி மறுபடியும் காற்றுப்பைக்கே போனது. பின்பெஞ்சில் ஆன்றோ பக்கென்று சிரித்துவிட்டான். அவனும் உள்ளூர்க்காரன்தான். அந்தச் சிரிப்பில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் காற்றுப்பையைப் பார்க்க மாட்டோம். காற்றாலையின் மூக்கை, அதாவது இறக்கைகள் சுழலும் முன்பக்கத்தைப் பார்ப்போம். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் அது தானாகவே மூக்கைத் திருப்பிக்கொள்ளும். பிறந்ததிலிருந்து அதைத்தான் பார்க்கிறோம். அம்மா துணி காயப்போடுவதும் அதைப் பார்த்துத்தான், எதிர்வீட்டில் குப்பை கொளுத்தினால் எந்த ஜன்னலைச் சாத்த வேண்டும் என்பதும் அதைப் பார்த்துத்தான். வானத்துக்குக் கீழே வெள்ளைவெளேரென்று நூற்றுக்கணக்கில் மூக்குகள் ஒரே பக்கம் பார்த்து நிற்கும்போது, ஊதிப்போன ஒரு துணிப்பையை யார் தேடுவார்கள்? சார் சொல்லிக் கொடுத்தார், ஆமாம். பரீட்சையில் காற்றுப்பை என்றுதான் எழுதுவோம். பறக்கும்போது கண் பழக்கப்பட்ட இடத்துக்குத்தான் ஓடும்.

நான் எழுந்து, என் நகலிடம் நானே கேள்வி கேட்க வேண்டும் என்றேன்.

கிருபாகரன் பதறிவிட்டார். மாணவி உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார், பிரதி ஒரு கருவி, கருவியோடு விவாதிப்பதெல்லாம் முறையில்லை என்று அடுக்கினார். வைஜெயந்தி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாட்சின்னு நீங்கதானே கொண்டுவந்தீங்க?"

"ஆமா மேடம்."

"சாட்சின்னு கொண்டுவந்தீங்க இல்லையா? அப்ப கேள்வி கேட்கலாம். சாட்சி உண்மையை மட்டும்தான் சொல்லணும், சொல்றப்ப நீங்க குறுக்கே வரக்கூடாது. அதுதான் விதி."

ஒலிபெருக்கியை இயக்கினார்கள். கண்ணாடியைப் பார்த்துப் பேசுகிற பைத்தியக்காரி மாதிரி எல்லாரும் என்னைப் பார்ப்பதாகத் தோன்றியது. எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. கடைசியில் என் சேக்காளிகளைக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டேன்.

"ஏட்டி."

"சொல்லு" என்றது. என் குரல்தான். வீடியோவில் கேட்கும்போது நமக்கே பிடிக்காமல் போகுமே, அந்தக் குரல்.

"காத்து எந்தப் பக்கம்னு எதப் பாத்துட்டி முடிவு பண்ணுன?"

"காத்துப்பையப் பாத்தேன்."

"நாம காத்துப்பையவா பாப்போம்?"

"இல்ல. காத்தால மூக்கப் பாப்போம்."

"அப்ப நீ ஏன் அதப் பாக்கல?"

"முந்தி பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றது நகல். "என்னத் திருத்திட்டாங்க."

எப்போது திருத்தினார்கள் என்று கேட்டேன். ஆடிக்காற்று அடங்கிய சமயம் என்றது. அதாவது நான் விழுவதற்கு மாதக்கணக்கில் முன்னால். மலைக்கு அனுப்பலாமா என்று பார்க்கத் திரையில் விதவிதமான நாட்களை உண்டாக்கிச் சோதித்திருக்கிறார்கள். அதில் ஒரு நாள், வெயில் மின்சாரமே போதும் என்று காற்றாலைகளை மத்தியானமே நிறுத்திவைத்த நாள். அப்படி நிறுத்திவைத்தால் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அப்படியே பூட்டிக்கொள்ளும். இறக்கைகள் மட்டும் சும்மா மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வேலை செய்வது போலவே இருக்கும். காலையில் அடித்த மேல்காற்றைப் பார்த்தபடி அவை நிற்க, சாயங்காலம் கடல்காற்று கிழக்கிலிருந்து வந்துவிடும். நான் விழுந்த நாளும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"அன்னைக்கு நீ எப்படி எறங்குன?" என்றேன்.

"மூக்கப் பாத்து, மேக்கே எறங்குனேன். வேகம் நிக்கல. வேலியத் தாண்டிப் போயி பனையில எடது றெக்க மாட்டிக்கிச்சு."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் விபத்து எனக்கு நடப்பதற்கு முன்பே நடந்திருக்கிறது. அதே வேலி, அதே பனை. இதே கட்டடத்தில் உட்கார்ந்து யாரோ தேநீர் குடித்துக்கொண்டே அதைப் பார்த்திருக்கிறார்கள்.

"அப்புறம்?"

"ஒரு மத்தியானத்துல திருத்திட்டாங்க. மூக்கப் பாக்காத, பையப் பாருன்னு. இப்ப எனக்கு மூக்கப் பாக்கணும்னு தோணவே மாட்டேங்கு."

"ஏட்டி, எங்கிட்ட சொல்லணும்னு ஒனக்குத் தோணலயா?"

கேட்டிருக்க வேண்டாம் என்று கேட்ட உடனே நினைத்தேன். ஒரு கம்ப்யூட்டரிடம் நியாயம் கேட்கிறேன். ஆனால் நகல் கொஞ்சம்கூடத் தாமதிக்காமல் பதில் சொன்னது.

"தோணுச்சு. நான் நீதான? நீயா இருந்தா சும்மா இருந்திருப்பியா? அவட்ட சொல்லணும், அவ நாளைக்கும் பறப்பாளேன்னு கேட்டேன். பிரதி மாணவர்ட்டப் பேசக் கூடாதுன்னாங்க. நான் விடல, கேட்டுக்கிட்டே இருந்தேன். பொறவு அதையும் திருத்திட்டாங்க."

"எத?"

"கேக்குறத. இப்ப நீயாக் கேட்டதால சொல்லுதேன். கேக்காமச் சொல்ல இப்ப எனக்கு வராது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மெஷினுக்காக அழுகிறாளே என்று யாராவது நினைத்திருந்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். எனக்காக மல்லுக்கட்டிய ஒரே ஆள் அதுதான். அதன் வாயையும் கட்டிவிட்டார்கள்.

வைஜெயந்தி அம்மாள் கிருபாகரனைப் பார்த்தார். அவர் எழுந்து, ஒத்திகை பார்த்து வைத்திருந்தவர் போலப் பேசினார். பிரதியின் குறைகளும் திருத்தங்களும் நிறுவனத்தின் தொழில் ரகசியம். மாணவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. சொன்னால் மாணவர்களுக்குத் தேவையில்லாத பயம் வரும். மேலும், மாணவர் தன்னை மாற்றிக்கொண்டால் பிரதியின் பதிவுகள் பொருந்தாமல் போய்விடும், முதலிலிருந்து வளர்க்க வேண்டியிருக்கும். இதெல்லாம் தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்குப் புரியும் என்று முடித்தார்.

எனக்குப் புரிந்தது. தொழில்நுட்பம் இல்லாமலே புரிந்தது.

"சார், என் கண்ண எடுத்துக்கிட்டீங்க, கைய எடுத்துக்கிட்டீங்க. எழுதிக் குடுத்தேன், சரி. நல்லதெல்லாம் நீங்களே வச்சுக்கோங்க" என்றேன். ஊன்றுகோல் வழுக்கியது, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஆனா என் தப்பு என்னோடது. அத நான் எழுதிக் குடுக்கல. அதையாவது எங்கிட்டத் திருப்பிக் குடுத்திருக்கணும்லா? நகலத் திருத்த ஒரு மத்தியானம் ஆச்சுன்னா, என்னத் திருத்த ஒரு வார்த்த போதும். பிரிஸ்கா, மூக்கப் பாக்காதன்னு ஒரு வார்த்த. அதச் சொல்ல ஒங்களுக்கு மனசு வரல."

கிருபாகரன் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

அதிகாரி ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. திருத்தப்பட்ட பிரதியைத் திருத்தப்படாத மாணவிக்கு எதிராகச் சாட்சியாக நிறுத்தியதே தவறு, அந்த ஆயிரம் இறக்கமும் செல்லாது என்றார். தெரிந்த ஆபத்தைச் சொல்லாமல் விட்டது பள்ளியின் குற்றம் என்று எழுதப்போவதாகச் சொன்னார். கால் கூடியதும் ஒரு சோதனைப் பறப்பு முடித்துவிட்டு நான் மறுபடியும் தனியாகப் பறக்கலாம்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழும்பு போவோம் என்றாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. அந்த நிமிடமே நொண்டிக்கொண்டு வெளியே போய், வாசல் கடையில் ஒரு சர்பத் குடித்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் எழுந்து திரும்பியபோது பின்பெஞ்சுகள் கண்ணில் பட்டன. ஆன்றோ, முத்துச்செல்வி, இஸ்மாயில், மற்றவர்கள். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கைதட்டவில்லை. எல்லார் முகத்திலும் ஒரே கேள்விதான் இருந்தது. அவர்களுக்கும் நகல் உண்டு. நாளைக் காலையில் அவர்களும் பறக்கப் போகிறார்கள்.

நான் திரும்பவும் உட்கார்ந்தேன்.

"ஏட்டி, இன்னும் இருக்கியா?"

"இருக்கேன்."

"மத்தவங்க நகலுலயும் திருத்தியிருக்காங்களா?"

"எல்லாத்துலயும்" என்றது. "ஒரு நகல்ல ஒரு தப்பக் கண்டுபிடிச்சா, அந்தத் தப்பு மத்ததுலயும் இருக்கான்னு எல்லாத்தையும் சோதிப்பாங்க. அதனால எங்க ஒவ்வொண்ணுக்கும் மத்த எல்லாரோடதும் தெரியும்."

கிருபாகரன் துள்ளி எழுந்தார். விசாரணை முடிந்துவிட்டது, இது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது, இன்னொருவரின் அந்தரங்கம் என்று சத்தம் போட்டார். அந்தரங்கம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டபோது பின்பெஞ்சில் யாரோ கனைத்தார்கள்.

வைஜெயந்தி அம்மாள் தன் காகிதங்களை அடுக்கினார். "இது என் விசாரணைக்குள்ள வராதுதான்" என்றார் மெதுவாக. "வராதுதான். ஆனா சாட்சியை நான் இன்னும் போகச் சொல்லலையே."

அப்படிச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அந்தரங்கம் என்று கிருபாகரன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டேன். தன்னுடையதை எல்லார் முன்னாலும் கேட்க விரும்பாதவர்கள் கையைத் தூக்குங்கள், அவர்களுக்குத் தனியாகக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஒரு கைகூட எழவில்லை. சொல்லு என்றேன்.

"ஆபத்து கூடுனதுலருந்து சொல்லுதேன்" என்றது நகல். "மொதல்ல அருமைநாயகம் சார்."

அவர் பெயரை யாரும் எதிர்பார்க்கவில்லை. பயிற்சியாளரும் பட்டை மாட்டிக்கொண்டுதான் பறக்கிறார் என்பது எங்களுக்கு உறைத்ததே இல்லை. சார் மெல்லத் தலையைத் தூக்கினார்.

"எடது கண்ணு. எடது பக்கம் கீழ் ஓரத்துல அவங்களுக்குப் பார்வ இல்ல. அந்தப் பக்கத்துலருந்து தாழ்வா என்ன வந்தாலும் ரொம்பப் பிந்தித்தான் பாக்காங்க. அவங்களுக்கு அது தெரியாது, தலையத் திருப்பித் திருப்பிச் சமாளிக்காங்க. அவங்க நகல்ல அந்த எடத்த நெரப்பிட்டாங்க."

"வருஷா வருஷம் டாக்டர் பாக்காரே. எழுத்தெல்லாம் கடைசி வரி வரைக்கும் படிக்கேனே" என்றார் சார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. பிறகு வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இடது கையை இடுப்புக்குப் பக்கத்திலிருந்து மெதுவாக மேலே தூக்கினார். விரல்களை அசைத்துக்கொண்டே தூக்கினார். தோளுக்கு மேலே வந்த பிறகுதான் அவர் முகம் மாறியது.

"எப்பருந்து?" என்று கேட்டார்.

நகல் பேசவில்லை. என் கேள்விக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும் போலிருக்கிறது. நான் கேட்டேன்.

"நான் உண்டாகுறதுக்கு முந்தியே திருத்தியாச்சு."

நான் சேர்ந்து, நகல் வளர ஆரம்பித்தே இரண்டு வருடம் ஆகிறது. சார் கையைக் கீழே போட்டார். "எங்க அண்ணனுக்கும் இதே கண்ணழுத்தம் வந்துச்சு" என்றார். "ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சாங்க. சொட்டுமருந்துலயே நின்னுபோச்சு. அவரு இன்னைக்கும் பேப்பர் படிக்காரு."

காலையிலிருந்து அவர்மேல் கட்டிவைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் என்னைப் போலத்தான். அவர் கண்ணையும் விற்றிருக்கிறார்கள், ஓட்டையை மட்டும் அவரிடமே விட்டுவிட்டு.

கிருபாகரன் போனைக் காதில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் விரைந்தார். மெயின் சுவிட்ச் வராந்தாவில் இருக்கிறது. எதற்குப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். நான் எழுந்து ஓட முடியாது. அருமைநாயகம் சார் எழுந்தார். அவசரப்படாமல் நடந்துபோய்க் கதவுக்கு முன்னால், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, அணிவகுப்பில் நிற்பது போல நின்றார்.

"வழி விடுங்க கேப்டன். உங்க வேலை..."

"ஒக்காருங்க தம்பி" என்றார் சார். "பிள்ளைக நாளைக்குப் பறக்கணும். கேட்டுட்டுப் போவட்டும்."

பின்பெஞ்சில் நாற்காலிகள் நகர்ந்தன. முத்துச்செல்வி எழுந்து வந்து சாருக்குப் பக்கத்தில் நின்றாள். அப்புறம் ஆன்றோ. அப்புறம் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். கிருபாகரன் போனை வைத்துவிட்டு அதிகாரியைப் பார்த்தார். வைஜெயந்தி அம்மாள் ஜன்னல் வழியாக ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கால் விண்விண் என்று தெறித்தது. ஊன்றுகோலைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அடுத்தது யாருட்டி?" என்றேன்.